ஒரு மில்லிமீட்டர் வம்பு: ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜும் ஒரு பல் டாக்டரும்

கார்ட்ரிட்ஜுக்கு, அதாவது ரிக்கார்டு பிளேயரின் கை முனையில் ஊசியைத் தாங்கும் பகுதிக்கு, ஐந்துக்கு நாலு மார்க். அதை முதல் தடவை மாட்டியவருக்கு ஒன்று. மாட்டியது நான்தான், அதனால் யார் மனசும் புண்படாது.

நான் ஆடியோ ஆசாமி கிடையாது. மேற்கு மாம்பலத்தில் பல் டாக்டர். வீட்டில் அப்பாவின் ரிக்கார்டுகள் இருக்கின்றன: எல்.பி. நூற்று நாற்பது, அது போக ஒரு டிரங்குப் பெட்டி நிறைய 78 ஆர்.பி.எம். தட்டுகள். அவருக்காகத்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு டர்ன்டேபிள் வாங்கினேன். எஸ் வடிவக் கை, கார்ட்ரிட்ஜ் உட்காரும், கழற்றி மாட்டுகிற ஹெட்ஷெல், டைரக்ட் டிரைவ், மூன்று வேகம். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. கூடவே வந்த ஊசி தேய்ந்துபோனதும் ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-விஎம்95இ வாங்கினேன். என் கிளினிக்கில் ஒரு ரூட் கெனாலுக்கு வாங்குகிற பணம்தான் ஆனது. சொல்லப்போனால் கொஞ்சம் மீதிகூட இருந்தது.

மாட்டினேன். முதல் மூன்று பாட்டு அமிர்தம். நாலாவது பாட்டு, அதாவது தட்டின் உள்பக்கம், மையத்துக்குக் கிட்டே வரும் பாட்டு, விசிலடித்தது. பாடுகிற அம்மா 'ச' என்று தொடங்கும் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு 'ஷ்ஷ்' சேர்ந்து வந்தது. இந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பழக்கம். புதுசாகப் பல் செட் கட்டியவர்கள் முதல் வாரம் இப்படித்தான் பேசுவார்கள். மேல்வரிசை முன்பல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் போதும், 'சாப்பாடு' என்பது 'ஷாப்பாடு' ஆகிவிடும். அப்பாவும் அதையேதான் சொன்னார்: "ஏம்மா, இவங்க பல்லு கட்டிட்டு வந்து பாடறாங்களா?"

அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. ஒரு மாதம் முழுக்க நான் தட்டைத் திட்டினேன், பழசு, கீறல், அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் என்றெல்லாம். அப்புறம் ஊசியைத் திட்டினேன். இதைவிட விலை கூடிய மைக்ரோலீனியர் ஊசியை இணையத்தில் பார்த்து, அந்தக் கடையின் கூடையில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு என்று இரண்டு வாரம் ஓடியது.

இந்தக் கார்ட்ரிட்ஜின் பெரிய சௌகரியமே அதுதான். உடம்பு ஒன்று, ஊசி பல. உடம்பை மாட்டிய பிறகு அதைத் தொடவே வேண்டாம். முன்னாலிருக்கும் பிளாஸ்டிக் பகுதியைப் பிடித்து இழுத்தால் ஊசி கழன்று வரும், வேறொன்றைச் செருகலாம். என்னுடைய 'இ' பச்சை நிறம், எலிப்டிக்கல் என்கிற நீள்வட்ட முனை. 'எம்எல்', அதாவது அந்த மைக்ரோலீனியர், சிவப்பு. இன்னும் சில ரகங்களும், 78 தட்டுக்கென்றே 'எஸ்பி' என்று ஒன்றும் உண்டு. ஏடி95இ என்ற பழைய மாடலின் வாரிசு இது. பழசில் திருகாணிக்கு அடியில் குட்டி நட்டு போட வேண்டும், அது கையிலிருந்து நழுவிச் சோபாவுக்கு அடியில் போகும், வீடே மண்டியிடும். இதில் உடம்பிலேயே மரை வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு திருகாணி, மேலிருந்து முடுக்கினால் முடிந்தது. இதை யோசித்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

பெயரிலுள்ள 'விஎம்' பற்றி ஒரு வார்த்தை. உள்ளே ஒன்றல்ல, இரண்டு குட்டிக் காந்தங்கள், 'வி' எழுத்துப் போலச் சாய்ந்து நிற்கின்றன. ஸ்டீரியோ தட்டின் பள்ளத்தில் இடது சுவரில் ஒரு சானல், வலது சுவரில் ஒரு சானல். இரண்டு சுவரும் 45 டிகிரி சாய்வு. தட்டை வெட்டும் கருவி எந்தக் கோணத்தில் வெட்டியதோ, அதே கோணத்தில் காந்தங்களை வைத்திருக்கிறார்கள். வெளியே வருவது 4 மில்லிவோல்ட். அதனால் அதைப் பெருக்கித் தரும் ஃபோனோ பிரீஆம்ப் கட்டாயம், சாதாரண ஆக்ஸ் துளையில் செருகினால் கொசு பாடுவது போலத்தான் கேட்கும்.

இனி மாட்டின கதை. ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கை மூடிய பிறகு ஹெட்ஷெல்லை மட்டும் அங்கே எடுத்துப்போனேன். வீட்டில் ஏது அந்த வெளிச்சம்? கண்ணில் லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி, தலைக்கு மேல் விளக்கு, கையில் பஞ்சு எடுக்கும் நீள இடுக்கி. கடைவாய்ப் பல்லின் நரம்பைத் தேடுகிற எனக்கு இது என்ன பிரமாதம் என்று ஒரு திமிர் இருந்தது. நாலு ஒயர், நாலு பின். வெள்ளை இடது, நீலம் இடதின் எர்த், சிவப்பு வலது, பச்சை வலதின் எர்த். கடற்காற்று தின்று பழைய ஒயரின் முனைகள் கறுத்துப் போயிருந்ததால் புது ஒயர் செட்டே போட்டேன். முனையிலுள்ள கிளிப் நெல்மணி அளவுகூட இருக்காது. அழுத்திச் செருகினால் வளையும், இன்னும் அழுத்தினால் ஒயர் அறுந்து கையோடு வரும். இடுக்கியால் கிளிப்பைப் பிடித்து, பின்னுக்கு நேராக வைத்து, மெல்லத் தள்ள வேண்டும். ஒயரைப் பிடித்துத் தள்ளவே கூடாது. இறுக்கமாக இருந்தால் பல்குத்தும் குச்சியின் முனையை விட்டு லேசாகத் திறந்து கொள்ளலாம்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் ஒரு கோட்டை விட்டேன். கார்ட்ரிட்ஜ் பக்கம் ஒயரெல்லாம் சரி. ஹெட்ஷெல் பக்கம் நாலு பின்னிலும் நிறம் கிடையாது. அங்கே இடத்தையும் வலத்தையும் மாற்றிவிட்டேன். கண்டுபிடித்தது அப்பா. எழுபதுகளில் வந்த ஒரு ஸ்டீரியோ கச்சேரித் தட்டு, அவருக்கு மனப்பாடம். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டுக் கொண்டிருந்தவர் திடீரென்று, "மிருதங்கம் என்ன அந்தப் பக்கம் போயிடுச்சு? பழனி வாசிக்கிறாரா?" என்றார்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலப்பக்க முகம், சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் வழக்கமாக மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம், நமக்கு இடப்பக்கம், உட்காருவார். பழனி உட்கார்ந்தால் மேடையே இடம் வலமாக மாறும், வயலின்காரர் எழுந்து அந்தப் பக்கம் போக வேண்டும். "அவர் 1962-லேயே போயிட்டாரேப்பா" என்றேன். "அதான் கேக்கறேன்" என்றார். மறுபடி இடுக்கியை எடுத்தேன்.

சரி, அந்த விசிலுக்கு வருவோம்.

தட்டு சுற்றும் வேகம் எப்போதும் நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுதான். ஆனால் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடுகிற வேகம் அப்படி இல்லை. வெளி விளிம்பில் விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர், கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் சுமார் 21. ஒரே 'ச' வெளியே தாராளமாகக் கால் நீட்டிப் படுத்திருக்கும், உள்ளே அதைப் பாதிக்கும் குறைவான இடத்தில் மடக்கி வைத்திருப்பார்கள். அங்கே ஊசி துளி கோணினாலும் அந்த நெளிவுகளுக்குள் அதனால் சரியாகப் போய்வர முடியாது.

இன்னொரு சங்கடமும் சேர்கிறது. தட்டை வெட்டிய கருவி ஆரத்தில் நேர்கோடாக நகர்ந்தது. நம் வீட்டுக் கையோ ஒரு முளையில் மாட்டிய கதவு மாதிரி, வில்லாகத்தான் நகரும். ஆகவே ஊசி பள்ளத்துக்கு மிகச் சரியான நேராக நிற்பது தட்டில் இரண்டே இடத்தில்தான். பரவலாகப் பயன்படும் பேர்வால்ட் கணக்குப்படி மையத்திலிருந்து 66 மி.மீ. தூரத்தில் ஒன்று, 121-க்கு ஒரு மயிரிழை முன்னால் இன்னொன்று. மற்ற இடங்களிலெல்லாம் கொஞ்சம் கோணல்தான், அந்தக் கோணலை எங்கேயும் மிஞ்சவிடாமல் பங்குபோடுவதுதான் அலைன்மென்ட். ஹெட்ஷெல்லின் நீளத் துளையில் கார்ட்ரிட்ஜை முன்னே பின்னே தள்ளி, லேசாகத் திருப்பி இதைச் செய்ய வேண்டும். என் டேபிளில் கையின் முளையிலிருந்து ஸ்பிண்டில், அதாவது தட்டின் நடுத்துளையில் நுழையும் குச்சி, வரை 215 மி.மீ. அந்தக் கணக்குக்கு ஊசி ஸ்பிண்டிலைத் தாண்டி 17.8 மி.மீ. நீள வேண்டும்.

இதற்கு ஒரு வில் போட்ட டெம்ப்ளேட் உண்டு. உங்கள் கையின் அளவைக் கொடுத்தால் கணினி வரைந்து தரும். ஸ்பிண்டிலில் மாட்டி, ஊசியை வில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கொண்டுபோனால் கோட்டை விட்டு விலகவே கூடாது. நானும் வரைந்து, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தேன். மூன்று ரூபாய்.

அந்த ஞாயிறு மத்தியானம் முழுக்க அந்தத் தாளோடு மல்லுக்கு நின்றேன். வெளி முனையில் ஊசி கோட்டில் நின்றால் உள் முனையில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது. உள்ளே சரி செய்தால் வெளியே ஓடுகிறது. துளையில் முன்னே தள்ளினேன், பின்னே இழுத்தேன், திருகாணியைத் தளர்த்தி, முடுக்கி, மறுபடி தளர்த்தி. ஆறு மணிக்குக் கை சோர்ந்து, நடுவில் பொருந்தினால் போதும் என்று ஒரு சமரசம் செய்து முடுக்கிவிட்டேன். கட்டிய பாலம் சரியாக உட்காரவில்லை என்று நோயாளி சொன்னால் "பழகிடும்" என்று அனுப்புகிற டாக்டர்களை எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு நான் அதையேதான் செய்தேன்.

விசில் பழகவில்லை. ஒரு சனிக்கிழமை டர்ன்டேபிளைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி ரிச்சி தெருவுக்குப் போனேன். அந்தச் சந்துகளில் செல்போன் கவர் கடைகளுக்கு நடுவே, மாடிப்படியேறிப் போனால், பழைய ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பாய் இருக்கிறார். கடைப் பெயரும் ஆள் பெயரும் போட வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார், "அப்புறம் எல்லாரும் தட்டைத் தூக்கிட்டு வருவாங்க மேடம், எனக்கு ஆம்ப் வேலையே முடியல." ஆகையால் விமர்சனம் மட்டும்: இதைவிடச் சுருக்கமான சர்வீஸை நான் பார்த்ததில்லை.

கதையையெல்லாம் கேட்டார். ஊசியை லென்ஸில் பார்த்தார். "ஊசிக்கு ஒண்ணும் இல்ல. நல்லாருக்கு." டெம்ப்ளேட்டைக் கேட்டார், கொடுத்தேன். அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் '100 மி.மீ.' என்று எழுதியிருந்தது. நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். பாய் மேஜையிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அந்தக் கோட்டின் மேல் வைத்தார். என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

தொண்ணூற்றேழு.

"ஜெராக்ஸ் கடையில தாளுக்குள்ள அடங்கணும்னு சுருக்கிட்டான் மேடம். அவன் மேல தப்பில்ல, அது தானா பண்ணும். இந்தக் கோடு போட்டதே அளந்து பாக்கத்தான்."

சுருங்கிய வில்லின் மேல் சுருங்காத கை எப்படிப் பொருந்தும்? ஒரு முழு மத்தியானம் நான் அந்தச் சுருங்கின வில்லோடுதான் சண்டை போட்டிருக்கிறேன். பல் அச்சு எடுக்கிற மாவு கெட்டியாவதற்குள் உருவினால் அச்சு கோணும், கோணின அச்சில் செய்த பல் எந்த வாயிலும் உட்காராது என்று ஜூனியர்களுக்கு நாள் தவறாமல் பாடம் எடுக்கிறவள் நான்.

எவ்வளவு தர வேண்டும் என்றேன். "வேலையே செய்யலியே" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, கீழ்த்தாடையைத் தொட்டுக் காட்டி, ராத்திரியில் வலிக்கிறது என்றார். செல்போன் டார்ச்சில் பார்த்தேன். ஞானப்பல் சாய்ந்து, அதற்கு முன்னாலுள்ள கடைவாய்ப் பல்லை முட்டிக்கொண்டு நின்றது. அதுவும் அலைன்மென்ட் கேஸ்தான். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன்.

மறுபடி பிரிண்ட் எடுத்தேன், இந்தத் தடவை 'நூறு சதவீதம்' என்று கடைப்பையனிடம் மூன்று முறை சொல்லி, கையோடு ஸ்கேலும் கொண்டுபோய். சரியாக 100. ஸ்பிண்டில் துளையைக் கத்தரிக்கோலால் வெட்டாமல், கிளினிக்கில் ரப்பர் ஷீட்டில் துளை போடும் பஞ்ச் கருவியால் நடுவில் ஒரு துளையிட்டு, அதை நூல் நூலாகப் பெரிதாக்கினேன். தாள் ஆடாமல் உட்கார வேண்டும், துளை தொளதொளவென்றிருந்தால் அளவு சரியாக இருந்தும் பயனில்லை. இருபது நிமிஷத்தில் ஊசி வில்லின் மேல் ரயில் மாதிரி ஓடியது. எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. நேராக இருக்கிறதா என்று பார்க்கும்போது கார்ட்ரிட்ஜின் உடம்பைப் பார்க்காதீர்கள். ஊசியைத் தாங்கும் அந்த மெல்லிய அலுமினியக் குச்சி, கான்டிலீவர், அதுதான் டெம்ப்ளேட்டிலுள்ள கட்டத்தின் கோட்டோடு இணையாக நிற்க வேண்டும். எந்தக் கார்ட்ரிட்ஜிலும் உடம்பும் குச்சியும் மயிரிழை மாறியிருக்கலாம். இரண்டரை மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பார்த்தால் குச்சி தெளிவாகத் தெரிகிறது. வெறும் கண்ணால் எனக்கு முடியாது, நாற்பத்தாறு வயதாகிறது. திருகாணியை இறுக்கும்போது ஊசியைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவர் ஒரு தடவை வழுக்கினால் போதும்.

முன்னாலிருந்து பார்த்தால் ஊசி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க எல்லோரும் ஒரு கண்ணாடித் துண்டை அடியில் வைக்கச் சொல்கிறார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருக்கும். கண்ணாடியின் கனத்துக்கு ஊசிக்கும் பிம்பத்துக்கும் நடுவில் இடைவெளி விழும், மேல்பரப்பிலிருந்து இன்னொரு மங்கல் பிம்பமும் சேரும். வாய்க்குள் போட்டோ எடுக்க நாங்கள் வைத்திருக்கும் தட்டைக் கண்ணாடியில் பூச்சு முன்பக்கம். மோட்டாரை நிறுத்திவிட்டு அதன் மேல் மெதுவாக இறக்கினேன். ஊசியும் அதன் நிழலும் முனையோடு முனை தொட்டு, உடையாத ஒரே கோடாக நின்றன. இந்தக் காட்சிக்காகவே இன்னொரு முறை செய்யலாம். தெரிந்த பல் டாக்டர் யாராவது இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். துடைத்துத் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது எடை, ஊசி தட்டை அழுத்துகிற எடை. இந்த ஊசிக்கு 1.8 முதல் 2.2 கிராம், கம்பெனி சொல்லும் நடு அளவு 2. என் டேபிளில் கையின் பின்முனை எடையில் இருக்கும் டயலை 2-க்கு வைத்திருந்தேன், அதையும் நம்பியிருந்தேன். ஒரு டிஜிட்டல் ஊசித் தராசு வாங்கினேன், பெயரில்லாத மலிவுச் சரக்கு. தராசு 1.7 என்றது. டயல் பொய்யா, தராசு பொய்யா? ஸ்கேல் விஷயத்தில் பட்ட அடி இன்னும் வலித்தது. பீரோவைத் திறந்து, ஒரு அட்சய திருதியைக்கு வாங்கிய இரண்டு கிராம் தங்கக் காசை எடுத்துத் தராசில் வைத்தேன். 2.00. எடுத்து வைத்தேன், 1.99. மறுபடி 2.00. தராசு யோக்கியம், டயல்தான் பொய். தங்கத்தை வைத்து எடை பார்ப்பது சரி, தங்கத்தையே எடைக்கல்லாக வைப்பது எங்கள் வீட்டில்தான் நடக்கும் என்றார் அப்பா.

எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தப்பு. குறைந்த எடையில் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டு எழும்பி எழும்பி விழும். அந்தக் குதியல்தான் தட்டைக் கொத்துகிறது, அதுவும் விசிலாகத்தான் கேட்கும். ஆக என் விசிலுக்கு இரண்டு அப்பன்கள். தராசுத் தட்டு இசைத்தட்டின் உயரத்திலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே தூக்கலாக இருந்தால் அளவு மாறும்.

கையை உள்பக்கம் இழுக்கும் விசையைச் சரிக்கட்டும் ஆன்டி-ஸ்கேட்டை 2-இல் வைத்தேன், இரண்டு ஸ்பீக்கரிலும் சத்தம் ஒரே மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன். கையின் உயரத்தைத் தட்டுக்கு இணையாக வைத்தேன். இதில் கால் மில்லி அரை மில்லி என்று மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்பவர்கள் இருக்கிறார்கள். இந்த விலை ஊசியில் எனக்கு வித்தியாசம் கேட்கவில்லை.

இப்போது எப்படிக் கேட்கிறது? முதலில் அதே நாலாவது பாட்டு. 'ச' என்றால் 'ச'. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போட ஆரம்பித்தார். எனக்கு அது போதும். பிறகு நாகஸ்வரம் போட்டேன். ஊசிக்கு அதைவிடக் கஷ்டமான பரீட்சை இல்லை. அந்தச் சீவாளியிலிருந்து வரும் ஒலியில் மேல்ஸ்தாயிக் கூர்மை அவ்வளவு இருக்கும். அதோடு தவிலும் சேர்ந்து தட்டின் உள்பக்கத்தில் வந்தால் பல ஊசிகள் கந்தலாகிவிடும். இது கந்தலாகவில்லை. கடைசி ஒன்றரை நிமிஷத்தில், தவில் உச்சத்துக்குப் போகும்போது, லேசாக ஒரு கரகரப்பு இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன், ஒரு மார்க் அங்கேதான் போனது. 0.3-க்கு 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) நீள்வட்ட முனையால் இவ்வளவுதான் முடியும். இன்னும் கூர்மையான மைக்ரோலீனியர் இதைத் தாண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அலைன்மென்ட் கோணலாக இருந்தபோது அதை வாங்கியிருந்தால், கூர்மையான முனை கோணலை இன்னும் கூடுதலாகத்தான் காட்டியிருக்கும். அந்த ஊசிகளுக்குப் பொறுமை குறைவு.

கச்சேரித் தட்டில் மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்க முகத்தில், அந்தக் கும்கி, உள்ளங்கையை அழுத்தி இழுக்கும்போது வளைந்து மேலேறுகிற ஓசை, முன்பெல்லாம் ஒரு 'டும்' மட்டும்தான் கேட்கும். இப்போது வளைவே கேட்கிறது. தம்புரா பின்னால் எங்கோ போர்வைக்குள் இருந்தது, அதுவும் வெளியே வந்துவிட்டது. குரல்தான் இந்தக் கார்ட்ரிட்ஜில் சற்று முன்னால் வந்து நிற்கிறது, கொஞ்சம் பளிச்சென்று. பழைய தட்டின் சடசடப்பையும் அதே பளிச்சோடுதான் தருகிறது. தட்டைக் கழுவாமல் போட்டால் உங்களை மன்னிக்காது.

நம் ஊர்ச் சமாச்சாரம் கொஞ்சம். டர்ன்டேபிளின் எர்த் ஒயரை ஆம்ப்பின் பின்னாலுள்ள திருகில் மாட்டாவிட்டால் ஒரு 'ம்ம்ம்' கேட்கும், அதைக் கார்ட்ரிட்ஜின் தலையில் போடாதீர்கள். எங்கள் வீடு இரண்டாவது மாடி, மேல்வீட்டுப் பையன் ஸ்கிப்பிங் ஆடினால் ஊசி குதித்தது. கொத்தனாரை வைத்துச் சுவரில் ஆங்கிள் அடித்து, அதன்மேல் ஒரு கடப்பாக் கல்லைப் போட்டு டேபிளை ஏற்றிய பிறகு அவன் ஒலிம்பிக்குக்கே பயிற்சி எடுக்கலாம். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வைக்காதீர்கள், ஊசி முனையில் தூசி பஞ்சாகச் சேர்கிறது. பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தடவுங்கள். கத்திரி வெயிலில் தம்பி இரண்டு எல்.பி.யைக் கார் பின்சீட்டில் விட்டுவிட்டுப் பாண்டி பஜாருக்குள் போனான். திரும்பி வந்தபோது இரண்டும் பொரித்த அப்பளம். அதற்கு எந்த அலைன்மென்ட்டும் கிடையாது.

யார் வாங்கலாம்? வீட்டில் ஐம்பதோ நூறோ தட்டு இருக்கிறது, கூடவே வந்த ஊசி தேய்ந்துவிட்டது என்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். ஊசியின் ஆயுள் ஏறக்குறைய 300 மணி நேரம் என்று கம்பெனியே சொல்கிறது, மைக்ரோலீனியருக்கு 1000. தினமும் மூன்று மணி நேரம் கேட்பவராக இருந்தால் நூறு நாள் ஓடும் இதைவிட அதுவே கணக்குக்குக் கட்டும். நான் கிளினிக் அப்பாயின்ட்மென்ட் டைரியின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டு வருகிறேன். எல்.பி. ஒரு பக்கத்துக்கு ஒரு கோடு. இதுவரை 88 கோடு. பக்கத்துக்கு இருபது இருபத்திரண்டு நிமிஷம் என்றால் முப்பது மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு கூட.

டிரங்குப் பெட்டி இன்னும் திறக்கவில்லை. 78 தட்டின் பள்ளம் எல்.பி.யைப் போல மூன்று மடங்கு அகலம், இந்தப் பச்சை ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடந்து உருளும். அதற்கு அந்த 'எஸ்பி' ஊசி வேண்டும், 3 மில் உருண்டை முனை, எடை 5 கிராம் அளவில். தட்டு அரக்கு என்பதால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, கரைந்துவிடும். அப்பாவிடம் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன், கிளினிக்கிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துப் போய்விடுவாரோ என்று பயம். ஆர்டர் போட்டாகிவிட்டது, வியாழக்கிழமை வரும் என்கிறார்கள். நேற்று வீட்டுக்கு வந்தால் சோபா முழுக்க 78 தட்டுகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன, உட்கார இடமில்லை. "அஞ்சு கிராம்னியே, பீரோல அஞ்சு கிராம் காசு இருக்கா?" என்கிறார். இல்லை. மூன்றும் இரண்டும் இருக்கிறது.